பீட்ரூட்டின் பன்னிரண்டு பயன்கள்

பீட்ரூட்டைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை வேண்டுமென்றால் என்னிடம் வராதீர்கள். பாகற்காய் எத்தனை கசந்தாலும் தின்பேன். கருணைக்கிழங்கு நாக்கை அரித்தாலும் புளியை ஊற்றிக் கடைந்து தின்பேன். பீட்ரூட் மட்டும் என் அடுப்பில் ஏறக் கூடாது. கல்யாணப் பந்தியில் அதை இலையில் வைக்க வந்தால் கையைக் குறுக்கே நீட்டிவிடுவேன். உடம்புக்கு எவ்வளவு நல்லது தெரியுமா என்று பக்கத்து இலைக்காரி ஆரம்பிப்பாள். தெரியும். மொத்தம் பன்னிரண்டு பயன்கள். வரிசை மாறாமல் ஒப்பிப்பேன். அவளுக்கு அதில் மூன்றுகூடத் தெரியாது.

ஐம்பதுகளின் நடுவில், ஆவுடையார்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து புதுக்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. கணவருக்கு ஆபீஸில் குமாஸ்தா வேலை. மாமனார் மாமியார் இல்லாத வீடு, தப்பித்தாய் என்று என் அம்மா வெளிப்படையாகவே சந்தோஷப்பட்டாள். பாவம், நாத்தனாரை அவள் யோசிக்கவில்லை. கணவருக்குப் பத்து வயது மூத்த அக்கா அவர். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். நீலகிரியில் தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பிள்ளை பிறக்கவில்லை. அந்த மனிதரும் காய்ச்சலில் போய்ச்சேர, தம்பி வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார். வாயில் ‘அவர்’ என்றுதான் வருகிறது. மனசுக்குள் இத்தனை வருஷமும் ‘அவள்’ என்றுதான் பேசியிருக்கிறேன். எழுத்தில் மரியாதை கொடுத்துவிடுகிறேன், போகட்டும்.

எதைப் பேசினாலும் எஸ்டேட்டில் இருந்த காலத்திலிருந்துதான் ஆரம்பிப்பார். எஸ்டேட்டில் தண்ணீர் எப்படி இருக்கும், எஸ்டேட்டில் பால் எப்படி இருக்கும், துரைசானியின் கன்னம் ஏன் அப்படிச் சிவந்திருக்கும். கடைசிக் கேள்விக்கு அவரே பதிலும் சொல்வார். பீட்ரூட். எங்கள் ஊர்ப்பக்கம் இங்கிலீஷ் காய் என்று ஒதுக்கிய கேரட்டையும் நூக்கோலையும் முட்டைக்கோசையும் அவர் சீர்வரிசை மாதிரி கொண்டாடினார். எல்லாவற்றுக்கும் மேலே பீட்ரூட்டை வைத்தார். திருச்சியிலிருந்து பஸ் டாப்பில் சாக்கு மூட்டையில் வந்து இறங்கும். மார்க்கெட்டில் ஒரே ஒரு கடைக்காரர்தான் அதை வைத்திருந்தார். எங்கள் தெருவில் அவரிடம் வாங்கிய வீடும் ஒன்றே ஒன்றுதான்.

வந்த வாரத்திலேயே என்னை அரிவாள்மனையில் உட்கார வைத்து அதை நறுக்கச் சொன்னார். ஒரு கீற்றுப் போட்டதும் கையெல்லாம் சிவப்பு. விரலை வெட்டிக்கொண்டேன் என்று நினைத்து அடுக்களைக்கு ஓடி மஞ்சள்தூளை அள்ளி அப்பிக்கொண்டேன். எந்த விரலில் காயம் என்று தேடிக்கொண்டிருந்தபோது நாத்தனார் வந்து பார்த்தார். கம்மாய்க்கரையில் பிறந்தவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது என்று தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் சிரித்தார். அவர்கள் சிரித்து முடிகிறவரை மஞ்சள் கையோடு நின்றேன். எங்கள் கம்மாய் மீனையும் முருங்கைக் கீரையையும் தின்றுதான் என் அம்மா ஏழு பிள்ளை பெற்றாள் என்று சொல்ல நாக்கு துடித்தது. புது மருமகள், சொல்லவில்லை.

ஒரு வாரப் பத்திரிகையில் ‘பீட்ரூட்டின் பன்னிரண்டு பயன்கள்’ என்று ஒரு பக்கம் வந்தது. நாத்தனாருக்கு அது வேதமாகிவிட்டது. கத்தரித்து, சோற்றுப் பருக்கையைத் தேய்த்து, அடுக்களை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டார். புளி எடுக்கத் திறந்தாலும் அது, உப்பு எடுக்கத் திறந்தாலும் அது. ஒன்று, ரத்தம் ஊறும். இரண்டு, மலச்சிக்கல் தீரும். மூன்று, மேனி பளபளக்கும். நாலாவது ஈரலுக்கு, ஐந்தாவது களைப்புக்கு. ஏழாவதாக, கர்ப்பிணிகளுக்கு மிகவும் உகந்தது. ஒரு காய் இத்தனை வேலை செய்யுமென்றால் ஊரில் ஆஸ்பத்திரி எதற்கு என்று எனக்குத் தோன்றும். பன்னிரண்டாவதை எழுதும்போது எழுதினவருக்கே அலுத்திருக்க வேண்டும். தலைமுடிக்கு நல்லது என்று முடித்திருந்தார்.

மறு வருஷம் நான் முழுகாமல் இருந்தேன். அங்கேதான் என் தலையெழுத்து ஆரம்பித்தது. ஒரே வாந்தி. ஆள் சுருங்கிப் போனேன். நாத்தனார் ஒரு நாள் என்னை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து, கண்ணின் கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்த்தார்.

“ஒடம்புல சொட்டு ரத்தம் இல்ல ஒனக்கு. வெளுத்த வேட்டியாட்டம் இருக்க. நாளைலேருந்து பாரு.”

நாளையிலிருந்து பார்த்தேன். காலையில் வெறும் வயிற்றில் ஒரு கிண்ணம் பீட்ரூட் பொரியல். மத்தியானம் பீட்ரூட் போட்ட குழம்பு, பீட்ரூட் போட்ட தயிர்ப் பச்சடி. ஒரு நாள் ரசமே சிவந்து வந்தது. கணவர் அதையும் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுக் கை கழுவினார். அவர் எதற்கும் ஒன்றும் சொல்ல மாட்டார். மழை பெய்த வயலில் மண்ணை அள்ளி வாயில் போட்டு, மேலே சர்க்கரையைத் தூவினால் எப்படி இருக்கும், அதுதான் எனக்குப் பீட்ரூட். மசக்கைக்காரிக்கு அந்த மண் வாடை போதும். உள்ளே போனதில் பாதி வெளியே வந்துவிடும். வந்த அளவுக்கு நாத்தனார் இன்னொரு கரண்டி வைப்பார்.

அவர் எனக்குக் கெடுதல் நினைத்தார் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். என் சேலையைத் துவைத்துப் போட்டார். தண்ணீர்க் குடம் தூக்க விடவில்லை. தன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தார். நல்லது செய்கிறேன் நல்லது செய்கிறேன் என்றுதான் கழுத்தைப் பிடித்தார். கெடுதல் செய்பவரையாவது எதிர்த்துப் பேசலாம். இவரை என்ன சொல்லிப் பேசுவது?

நாலாம் மாதம் ஒரு காலையில், கொல்லையில் குளிக்கிற இடத்தில் சிமெண்டுத் தரையில் சிறுநீர் சிவப்பாக ஓடியது. பிள்ளை போய்விட்டது என்று நான் போட்ட கூச்சலில் தெருவே திரண்டது. கணவர் குதிரை வண்டிக்கு ஓடினார். நாத்தனார் என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, வழியில் இருக்கிற சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். சொன்னதும் சிரித்துவிட்டார். இது ரத்தமில்லை, பீட்ரூட் சாயம், சில பேருக்கு இப்படிப் போகும், அதனால் ஒன்றும் ஆகாது என்றார். ரத்தம் குறைவுதான் என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். கடைசியில் ஒன்று சொன்னார். வயிற்று வலியோ இடுப்பு வலியோ வந்தாலும், துணியில் கறை பட்டாலும், உடனே வந்துவிட வேண்டும்.

நாத்தனார் காதில் முதல் பாதிதான் விழுந்தது. பீட்ரூட்டால் ஒன்றும் ஆகாது என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். மாத்திரை சூடு, பிள்ளைக்கு ஆகாது என்று அதை அலமாரி உச்சியில் தூக்கி வைத்துவிட்டார். கூச்சல் போட்டுத் தெருவைக் கூட்டியதற்கு எனக்கு ஒரு வாரம் அர்ச்சனை நடந்தது. தெருப் பெண்களும் சும்மா இருக்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் என்னைக் கண்டால் ‘பீட்ரூட்டு வருது’ என்று சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். அவமானம் என்னுடையது மட்டுமில்லை, அவருடையதும்தான். எஸ்டேட் பெருமையெல்லாம் ஒரே நாளில் கேலிக்கூத்தாகிவிட்டது. இனிமேல் சிவப்பைப் பார்த்து வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்று அடுக்களையில் நிறுத்திச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

ஏழாம் மாதம் பிறந்ததும் என்னால் முடியவில்லை. ஒரு வாய்கூட இறங்கவில்லை. காலையில் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு அவர் குளிக்கப் போவார், குளித்துச் சாமி கும்பிட்டு வர அரை மணி ஆகும். முதல் நாள் அதைச் சாக்கடையில் கொட்டினேன். சாக்கடை சிவந்து பக்கத்து வீட்டு வாசல்வரை போனது. பக்கத்து வீட்டில் பஸ் கண்டக்டரின் மனைவி இருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், நல்ல மாதிரி.

“வெள்ளிக்கெழமையும் அதுவுமா கோழி அடிச்சியா?” என்று சுவரைத் தாண்டி எட்டிக் கேட்டாள்.

விஷயத்தைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிச் சாக்கடையைக் கழுவிவிட்டாள். மறுநாளிலிருந்து நான் புத்திசாலி ஆனேன். கொல்லையில் வாழை மரத்தடியில் மண் எப்போதும் ஈரமாக இருக்கும். கொட்டாங்கச்சியால் சின்னதாகக் குழி பறித்து, பொரியலைப் போட்டு மூடி, மேலே சருகைத் தள்ளிவிடுவேன். மறுநாள் அதற்குப் பக்கத்தில் இன்னொரு குழி. நாற்று நட்ட மாதிரி வரிசையாக நட்டுக்கொண்டே போனேன். காலிக் கிண்ணத்தைப் பார்த்து நாத்தனார் முகம் மலர்ந்தது. இப்போதுதான் முகத்தில் ரத்த ஓட்டம் தெரிகிறது என்று தம்பியிடம் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். பழி வாங்கிவிட்டேன் என்று நினைத்தேன். சிறுபிள்ளைத்தனம்தான். எனக்குப் பத்தொன்பது வயது.

பத்து நாள் போயிருக்கும். கணவர் ஆபீஸ் வேலையாக அறந்தாங்கிப் பக்கம் கேம்ப் போயிருந்தார். அன்று எழுந்திருக்கும்போதே இடுப்பைப் பிடித்தது. கொல்லைக்குப் போய் அன்றைய பொரியலைப் புதைத்துவிட்டுப் பார்த்தால் துணியில் கறை. நாத்தனாரிடம் போய், கூச்சல் போடாமல், மெதுவாகத்தான் சொன்னேன். அவர் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பீட்ரூட்தான், போய்ப் படு, மறுபடியும் ஊர் சிரிக்க வைக்காதே என்றார்.

நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். பீட்ரூட் என் வயிற்றில் இல்லை, வாழை மரத்தடியில் இருக்கிறது என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தினமும் என்னை ஏமாற்றினாயா என்று அவர் கேட்கப்போவதை நினைத்துத்தான் வாய் திறக்கவில்லை. கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டு, நின்றுவிடும் நின்றுவிடும் என்று சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு நான் பயந்தது பிள்ளைக்காக இல்லை, அவருடைய வாய்க்காக. இதை யாரிடமும் சொன்னதில்லை, இப்போதுதான் எழுதுகிறேன்.

உச்சி வெயிலுக்கு வலி விட்டுவிட்டு வர ஆரம்பித்தது. சேலை நனைந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன்.

“அண்ணி, இது பீட்ரூட்டு இல்லைங்க. நான் பத்து நாளா அதச் சாப்பிடவே இல்ல.”

“பொய் சொல்லாத. கிண்ணத்தத் தெனம் கழுவி வைக்கிறதே நாந்தான்.”

அவர் நம்பவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக ஆசைப்பட்டுப் புளுகுகிறேன் என்று நினைத்தார். அப்புறம் நான் என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை. கொல்லைக்குப் போனது ஞாபகமிருக்கிறது. வாழை மரத்தடியில் காலை மடக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்து, அதே கொட்டாங்கச்சியால் தோண்டினேன். முதல் குழியில் இருந்தது மண்ணோடு மண்ணாகியிருந்தது. அடுத்ததில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. கடைசிக் குழியில் அன்று காலைப் பொரியல், தேங்காய்ப் பூவோடு, சிவப்பு மாறாமல் அப்படியே இருந்தது. இரண்டு கையிலும் அள்ளி, பின்னாலேயே வந்து நின்ற நாத்தனாரிடம் நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு நான் உட்கார்ந்திருந்த இடத்து மண்ணைப் பார்த்தார். அவர் முகம் அப்படி வெளுத்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

சத்தம் கேட்டுக் கண்டக்டர் மனைவிதான் சுவர் ஏறிக் குதித்து வந்தாள். வண்டி பிடித்தவளும் அவள்தான். ஆஸ்பத்திரியில் சாயங்காலம் பிள்ளை பிறந்தது. ஆண். என் உள்ளங்கையிலும் முழங்கையிலும் அடங்குகிற அளவு. அழுதான், பூனைக்குட்டி மாதிரி. பஞ்சில் சுற்றி வைத்தார்கள். மறுநாள் மத்தியானம்வரை மூச்சு இருந்தது.

டாக்டரம்மா அன்று சிரிக்கவில்லை. காலையிலேயே ஏன் வரவில்லை, வந்திருந்தால் வலியை நிறுத்திப் பார்த்திருக்கலாமே என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கட்டில் தலைமாட்டில் நின்ற நாத்தனார் பதில் சொன்னார்.

“அவ நேரத்துக்குச் சொல்லலைங்க.”

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் ஒரே பேச்சு. எவ்வளவோ சத்துக் கொடுத்தேன், எல்லாவற்றையும் தோண்டிப் புதைத்தாள், ரத்தமே இல்லாத உடம்பில் பிள்ளை எப்படித் தங்கும் என்று சொல்லிச் சொல்லி அழுதார். உண்மையாகவே அழுதார், நடிப்பில்லை. வந்தவர்களைக் கொல்லைக்குக் கூட்டிப்போய் அந்தக் குழிகளைக் காட்டினார். என் பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் தோண்டிக் காட்டிய குழிகள். நான்தான் அவனைக் கொன்றேன் என்பதற்கு அதுவே சாட்சியாகிவிட்டது. குழாயடியில் இப்போது யாரும் கேலி செய்யவில்லை. என்னைக் கண்டால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அதற்குக் கேலியே மேல்.

கேம்பிலிருந்து வந்த கணவர் கொல்லைப்பக்கம் போய் அந்தக் குழிகளைப் பார்த்தார். திரும்பி வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். எதற்கும் ஒன்றும் சொல்லாதவர், அன்று கேட்டார்.

“ஏன் சாப்பிடல?”

அந்தக் கேள்விக்காக அவரை நான் மன்னிக்கப் பல வருஷம் ஆனது. முழுசாக மன்னித்தேனா என்று இன்னும் தெரியாது.

அதற்குப் பிறகு நாத்தனார் பீட்ரூட் வாங்கவில்லை. மார்க்கெட்டில் அந்தக் கடை வாசலை விட்டு எதிர்ப்பக்கமாக நடப்பார். அதை நான் கவனித்தேன். அவருக்கும் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தால் போதுமா? காலையில் நீ வந்து சொன்னாய், நான்தான் கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை, தம்பியிடம் வேண்டாம், ஊரிடம் வேண்டாம், அடுக்களையில் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் போதும். நானும் என் பங்கைச் சொல்லியிருப்பேன். ஒரே அடுப்பில் சமைத்தோம். சட்டி பானையைப் பற்றிப் பேசினோம். அலமாரிக் கதவில் அந்தக் காகிதம் அப்படியே இருந்தது. ஒட்டியவரே கிழிக்கட்டும் என்று நான் விட்டுவிட்டேன். அவர் கிழிக்கவில்லை. வருஷா வருஷம் புகை ஏறிப் பழுப்பாகிக்கொண்டிருந்தது.

இரண்டு வருஷம் கழித்து மகள் பிறந்தாள். அவளைச் சுமந்த மூன்றாம் மாதமே என் அம்மா வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். யார் கூப்பிட்டும் வரவில்லை. முருங்கைக் கீரையும் கம்மாய் மீனும் தின்று, அங்கே ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையும் போட்டு, பத்தாம் மாதம் பெற்றெடுத்த பிறகுதான் புதுக்கோட்டைப் படியேறினேன். நாத்தனார் பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் வளர்ந்தது அந்த மடியில்தான். எனக்கு எரியத்தான் செய்தது. பிடுங்கவும் மனசு வரவில்லை.

மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து நோட்டை விரித்தாள். டீச்சர் ஆளுக்கொரு காய் கொடுத்து, அதன் பயன்கள் ஐந்து எழுதி வரச் சொல்லியிருக்கிறார். இவளுக்குக் கிடைத்தது பீட்ரூட். எனக்குத் தெரியாது போடி என்று விரட்டினேன். அவள் விட்டால்தானே. வெல்லம் தேடி அலமாரியைத் திறந்தவள், எல்லாம் இங்கேயே இருக்கிறதே என்று குதித்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, புகை படிந்த காகிதத்தைப் பாவாடை நுனியால் துடைத்து, பாடம் படிக்கிற குரலில் படிக்க ஆரம்பித்தாள். ரத்தம் ஊறும். மலச்சிக்கல் தீரும். நாத்தனார் கூடத்துத் தூணில் சாய்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். முறம் நின்றுவிட்டது. நான் அம்மியில் கையை வைத்தபடி இருந்தேன். ஏழாவதையும் படித்தாள். கர்ப்பிணிகளுக்கு மிகவும் உகந்தது.

முதல் நாலையும் எழுதிக்கொண்டு, ஐந்தாவதாக எதை எழுதட்டும் என்று கேட்டாள். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. நான் சொல்கிறேன், எழுதிக்கொள் என்று சொல்லி, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். பிள்ளைத்தாய்ச்சிக்குச் சிவப்பாகப் பட்டால், அது பீட்ரூட்டாக இருந்தாலும் சரி, எதுவாக இருந்தாலும் சரி, அவள் சொன்ன அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

மகள் பென்சிலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசித்தாள். இது பயன் இல்லையே, டீச்சர் அடித்துவிடுவாரே என்றாள். வழக்கம்போல அத்தையைப் பார்த்தாள். அந்த வீட்டில் எந்த வழக்குக்கும் கடைசித் தீர்ப்பு அங்கேதான். நாத்தனார் அரிசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஒங்கம்மா சொல்றத எழுதுத்தா,” என்றார். “அதான் சரி.”

ஒன்பது வருஷம் காத்திருந்து எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அதையும் பிள்ளையைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் மன்னிக்கவில்லை. மகள் எழுதி முடித்ததும் எழுந்து போய், ஈரத் துணியால் நனைத்து நனைத்து அந்தக் காகிதத்தைச் சுரண்டி எடுத்தேன். அடியில் ஒட்டிக்கொண்டு வராத பகுதியைச் சுரண்ட, நாத்தனார் எழுந்து வந்து தோசைக் கரண்டியை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.